நீர்நாய் எச்சமும் எண்பத்தேழாம் குப்பியும்

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாத பொருட்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், நீர்நாயின் எச்சத்துக்குத்தான் முதலிடம் கேட்பேன். அழுகிய மீனும் ஈரச் சாக்கும் சேர்ந்த ஒரு வாடை அதற்கு. இந்தக் காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் அலைந்தேன். ஆற்றோரமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பேருந்து விவரமும், எதையாவது பொறுக்கிச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இதில் உண்டு.

என் தங்கை ஜெபா நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மலையடிவாரத்து நீர்நாய்களும் கடைசி அணைக்கட்டுக்குக் கீழே இருப்பவையும் ஒன்றோடொன்று கலக்கின்றனவா, அல்லது நடுவில் இருக்கும் அணைக்கட்டுகள் அவற்றைப் பங்காளிச் சண்டை போட்ட குடும்பங்களாகப் பிரித்துவிட்டனவா என்பது அவள் கேள்வி. நீர்நாயைப் பிடித்துக் கேட்க முடியாது. பாறையில் அது விட்டுப்போன எச்சத்தில் ஒரு துளி எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பினால், ஆய்வகத்தில் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

போன வருடம் அப்படித்தான் நூற்றுக்கு மேல் அனுப்பினாள். வழியில் ஒரு குப்பி கசிந்து, அந்த ஸ்பிரிட் மற்றக் குப்பிகளின் மேல் பேனாவில் எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டது. எந்த ஊர் எச்சம் எது என்று தெரியாததால் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. அவளுடைய பேராசிரியர் இன்னும் ஒரே ஒரு பருவம் கொடுத்தார். ஐப்பசி மழை இறங்கினால் பாறையெல்லாம் கழுவிப் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவது என் பொழுதுபோக்கு. வனத்துறை அனுமதிக் கடிதம் அவள் பையில், பை என் தோளில் என்று ஏற்பாடு.

முதல் நாள் காலை 6.10க்குப் புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு 32 ரூபாய். உட்கார்ந்ததும் அவள் தன் முறையை விளக்கினாள். விரல் நீளக் குப்பிகள், வீட்டிலேயே எண் ஒட்டியவை. மூடியில் ஒரு எண், பக்கவாட்டில் அதே எண், உள்ளே போடும் காகிதத் துண்டில் பென்சிலால் அதே எண். ஸ்பிரிட்டுக்குப் பேனா மை தாங்காது, பென்சில் தாங்கும். எண்ணில் ஊர்ப் பெயர், தேதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு எச்சத்தின் பக்கத்திலும் எண் அட்டையை வைத்து அவள் ஒரு போட்டோ எடுத்தால், இடமும் நேரமும் அதில் தானாகப் பதிந்துவிடும்.

“ஒரு எண்ண மூணு இடத்துல எதுக்குட்டி எழுதணும்? வீட்டுப்பாடமா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு அழிஞ்சா ரெண்டு இருக்கும்லா” என்றாள்.

பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை கொஞ்சம் நடை, கொஞ்சம் ஆட்டோ. அவள் பாறையில் குனிந்து “அம்பத்தி ஒண்ணு” என்பாள். நான் குப்பியைப் பார்த்து “அம்பத்தி ஒண்ணு” என்று திருப்பிச் சொல்லி நீட்டுவேன். குளிக்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் போய் ஆர்வம் வந்துவிட்டது. ஒரு எச்சத்தில் முழுக்க மீன் செதில், அடுத்ததில் செக்கச்செவேல் என்று நண்டு ஓடு. முந்தின இரவு யார் என்ன சாப்பிட்டார் என்று பார்ப்பதில் இவ்வளவு சுவாரசியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் 74 குப்பி நிறைந்தது. ராத்திரி பாளையங்கோட்டைக்கே திரும்பினோம்.

மறுநாள் சனிக்கிழமை. புரட்டாசிச் சனியில் ஸ்ரீவைகுண்டம் வண்டியில் ஏறுகிறவர்கள் என்னைப் போல ஏமாற வேண்டாம். நவதிருப்பதிக் கோயில்களுக்குப் போகிற கூட்டம் படியில் தொங்கியது. முப்பது கிலோமீட்டர், 22 ரூபாய், முழுக்க நின்றுகொண்டே போனோம். இறங்கி ஆட்டோ பிடித்தோம், ஆற்றின் அந்தக் கடைசி அணைக்கட்டு வரை 60 ரூபாய். ஓட்டுநர் பையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“என்ன அண்ணாச்சி, கருவாடா?”

“நீர்நாய் எச்சம்.”

“அதப் பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்திய?” வண்டியைக் கிளப்பிக்கொண்டே தொடர்ந்தார். “வலையக் கிழிக்குதுன்னு எங்க மச்சான் அத ஏசாத நாளு கெடயாது. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் போங்க, அங்கன பாறைல கெடக்கும்.”

அவர் சொன்ன இடத்தில் நிறையவே கிடந்தது. அணைக்கட்டில் தண்ணீர் விழும் இரைச்சலில் எண்ணைக் கூப்பிட்டால் காதில் விழவில்லை. இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு, குப்பியைக் கையில் வாங்கிக் கையில் கொடுப்பது என்று மாறிவிட்டோம். எண்பத்தேழாம் குப்பியை அவள் நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பாறைக்குத் தாவினாள். மூடியைத் திருகும்போது அது என் விரலிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தது. ஒரு முறை மேலே வந்து எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

இருபது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை இது. நடுவில் ஓட்டை விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது. பையில் வெறும் குப்பிகளும் உபரி எண் ஒட்டிகளும் இருந்தன. ஒன்றில் 87 ஒட்டி, பென்சிலால் எண் எழுதிய காகிதத் துண்டும் போட்டு, அடுத்த எச்சத்துக்கு நீட்டினேன். அவள் கண் பாறையில் இருந்தது, வாங்கிக்கொண்டாள். எண் வரிசை கெடாமல் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

மாலை ஐந்தரைக்கு வீடு வந்தோம். சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைக்கப் போனவளை என் மனைவி ரூத் தடுத்தாள். “அத இங்கன வைக்காதிய, மாடிக்குக் கொண்டு போங்க.” மொட்டை மாடியில் ஜெபா சரிபார்த்தாள். போட்டோ 112 இருந்தது. குப்பி 111தான் இருந்தது.

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது. போட்டோவில் எண்பத்தெட்டு என்று அட்டை வைத்த எச்சம், குப்பியில் எண்பத்தேழாக இருக்கிறது. அதற்குப் பின்னால் வந்த எல்லாமே ஒன்று தள்ளி. இருபத்தைந்து குப்பி, அத்தனையும் அணைக்கட்டுக்குக் கீழே எடுத்தவை. அவளுடைய கேள்வியின் சரிபாதி அதில்தான் இருந்தது. கிழக்கே ஏற்கனவே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு ஆத்துல விழுந்துட்டு. எண்பத்தேழு. நம்பர் வீணாகக் கூடாதுன்னு வேற குப்பில ஒட்டிட்டேன்” என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“ஒங்க கிளாஸ்ல எண்பத்தேழாம் நம்பர் பய வரலன்னா, அவன் நம்பர அடுத்த பயலுக்குக் குடுப்பியாண்ணே?”

“மாட்டேன்.”

“என்ன செய்வ?”

“ஆப்சென்ட் போடுவேன்.”

“அதத்தான இங்கயும் செய்யணும்.”

நான் சொல்வதை மட்டும் நம்பி அவளால் எண்களை மாற்ற முடியாது. என் ஞாபகம் ஆதாரம் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்னாள், நியாயம்தான். அப்போதுதான் நண்டு நினைவுக்கு வந்தது. போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 93இல் சிவப்பு நண்டு ஓடு, 99இலும் 106இலும் அப்படியே. மற்றதெல்லாம் மீன். குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். நண்டு இருந்தது 92இல், 98இல், 105இல். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சரியாக ஒன்று தள்ளி.

பழைய எண்ணைச் சுரண்டாமல், மேலே ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை ஒட்டினாள். உள்ளே பென்சிலால் எழுதிய இன்னொரு காகிதத் துண்டு. பெட்டியில் எண்பத்தேழாம் குழியைக் காலியாக விட்டாள். நடந்ததையெல்லாம், அண்ணன் செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதி, எண்பத்தேழு இல்லாத எண் பட்டியலோடு பேராசிரியருக்கும் ஆய்வகத்துக்கும் அனுப்பினாள். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. இனி திரும்பப் போய் எடுக்க வழியில்லை.

நீங்கள் இந்தப் பக்கம் போவதென்றால் புரட்டாசிச் சனியைத் தவிருங்கள். அணைக்கட்டுப் பாறைகள் வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு போதாது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திரும்ப மாலை நாலரைக்கு மேல் உட்கார இடம் கிடைக்கிறது. எச்சமோ இலையோ தண்ணீரோ, எதைச் சேகரித்தாலும் பென்சில் இரண்டாக எடுத்துப் போங்கள். எண்ணைத் திருப்பிச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், சத்தம் கேட்காத இடத்தில் குப்பியை முகத்துக்கு நேரே காட்டுங்கள். தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும். அதை நிரப்பப் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது ஜெபா எங்கள் வீட்டில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் நிதானமாகப் பேசினார்.

“பெட்டியில எண்பத்தேழு இல்ல. உங்க பட்டியல்லயும் எண்பத்தேழு இல்ல. எல்லாம் சரியா இருக்கு, எடுத்துக்கறோம்.”