பரளச்சிக்குப் போன ஆலோசனை வகுப்பு

மதுரையில் முதுகலை உளவியல் ஆலோசனை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். குடிநோய் சிகிச்சையை வகுப்பில் நடித்துப் பார்த்தே பழகியவர்கள். ஒருமுறையாவது நிஜமாகக் குடிப்பவர் எதிரில் உட்காரட்டும் என்று, போன மாசியில் மூன்று பேரை அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமமான பரளச்சிக்குக் கூட்டிப் போனேன்.

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ். அருப்புக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு (இந்தப் பக்கம் போகிறவர்கள் நன்றாகச் சாப்பிடுங்கள், மதியச் சாப்பாடு தாமதமாகும்) டவுன் பஸ் ஏறினோம். வழியெல்லாம் கருவேலம், இடையிடையே அறுவடை முடிந்த கரிசல்.

முகாமுக்கு ஏற்பாடு செய்திருந்த ஊர்ச் சமுதாயக்கூடத்துக்கு முதலில் வந்தவர் லோடு வேன் ஓட்டும் கருப்பசாமி, மனைவி ராக்கம்மாவோடு. என் மாணவி நஸ்ரின் எதிரில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாதி சட்டையில் கொட்டியது.

"கடைசியா எப்பண்ணே குடிச்சீங்க?" என்றாள்.

"முந்தாநாளு. நீங்க வாரீகன்னு நிப்பாட்டிட்டேன்."

"தூங்குனீங்களா?"

ராக்கம்மா குறுக்கிட்டார். "எங்க தூங்குனாக? செவுத்துல பூச்சி ஊருதுங்காக. எங் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

நஸ்ரின் என் பக்கம் திரும்பினாள். "மேடம், பேசுறது அப்புறம். இவர உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவள் சொன்னது சரி. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இப்படி இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். கருப்பசாமி அசையவில்லை.

"குடிய விட்டதுக்கா ஆஸ்பத்திரி?"

"விட்டது நல்லதுண்ணே. ஒடம்பு அதத் தாங்கணும்ல. நானும் கூட வாரேன்."

அந்த 'கூட வாரேன்'தான் அவரை எழுப்பியது. ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போனோம். பாதி வழியில் அவருக்கு உடம்பெல்லாம் உதறத் தொடங்கியது. ராக்கம்மா அவரை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பார்த்ததும் அட்மிட் செய்தார். நேரத்தோடு வந்தீர்கள் என்றார்.

அவர் தேறி வீடு திரும்பிய பிறகு நஸ்ரின் சனிக்கிழமைதோறும் பரளச்சி போனாள். உண்மையான ஆலோசனை அப்போதுதான் தொடங்கியது.

இப்படிப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: முன்கூட்டியே அரசு மருத்துவரிடம் பேசி வையுங்கள். யாரையும் எடுத்த எடுப்பில் நிறுத்தச் சொல்லாதீர்கள். திரும்பப் போக முடியாத ஊருக்கு ஒருநாள் முகாம் போடாதீர்கள்.

ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் கருப்பசாமி ஒருநாள் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே நஸ்ரினைப் போனில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏம்மா, திரும்ப மொதல்ல இருந்தா?"

"இல்லண்ணே. இத்தன நாளு விட்டது விட்டதுதான். அதுல இருந்து மேல போவோம்."

"அப்பச் சனிக்கெழம வாங்க" என்றார்.