முதலில் தும்முகிறவள்

காலையிலிருந்து மகளுடன் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் பழைய கடைத்தெருக்களில் நடந்து, நான் கதைகதையாய்ச் சொன்ன கடைகளில் ஒன்றைக்கூடக் காட்ட முடியாத எரிச்சலோடு, மழைக்கு ஒரு காப்பிக்கடையில் ஒதுங்கியபோதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது. என் சிறுவயதில் அந்த இடம் மிளகாய் மில். சனிக்கிழமைதோறும் அக்காவும் நானும் எங்கள் வீடு இருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து நடந்து வந்து, இயந்திரம் கடகடக்க, சிவப்புத் தூள் படிந்த வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், ஏனென்றால் முதலில் தும்முகிறவள்தான் சூடு ஆறாத தூள் பையை வீடுவரை சுமக்க வேண்டும்.

“மழ பேஞ்சா செவுத்துலேர்ந்து இப்படித்தான் வரும்க்கா. மூணு தடவ சாயம் அடிச்சாச்சு, போகல லா,” என்றார் கடைக்காரர்.

மகள் அடுக்கடுக்காகத் தும்மினாள். நாள் முழுக்க நான் சுமந்த பையை அவள் தோளில் மாட்டிவிட்டேன்.