வெயில் படாத ஆழத்தை ஆராய்ந்த வடிவு

சென்ற வாரம் பாளையம்பட்டியிலிருந்து வடிவின் தம்பி கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தான். “அக்கா காலையில போயிட்டாக. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்” என்றான். பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பிலிருந்து கையில் சுண்ணாம்புக்கட்டியோடு போனை எடுக்கப் போனவள், எதற்காக அங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். ஈராண்டாகச் சிறுநீரகம் அவளைப் படுத்தியது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாற்பது வயது போகிற வயதில்லை.

வடிவும் நானும் வேதியியல் ஒன்றாகப் படித்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் நூலகத்தில் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பழைய அறிவியல் இதழில் கடலடியிலிருந்து கரும்புகை எழும் படம். தரைப்பிளவில் இறங்கிய கடல்நீர் சூடான பாறையில் வெந்து, இரும்பையும் மாங்கனீசையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு மேலே பீறிடுகிறது. குளிர்ந்த நீரைத் தொட்டதும் உலோகமும் கந்தகமும் சேர்ந்து கறுத்துப் புகைபோல் தெரிகின்றன. அங்கே வெயில் இல்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து பலம் எடுத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றை நம்பிப் புழுக்களும் சிப்பிகளும் வாழ்கின்றன. “வெயில் இல்லாம ஒரு ஊரே பொழைக்குதுடி” என்றாள். அன்று மாலை டவுன் பஸ்ஸைத் தவறவிட்டு இருவரும் நடந்தே வீடு போனோம்.

மேற்குக் கடற்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கப்பலில் போக வேண்டும் என்றதும் வீட்டில் அழுகை. இரும்புக்கடை வைத்திருந்த அவள் அப்பா மட்டும், “கப்பல்ல சோறு போடுவாகளா?” என்று கேட்டார். போடுவார்கள் என்றாள். “அப்ப போயிட்டு வா” என்றார். முதல் ஐந்து நாள் அந்தச் சோறு வயிற்றில் தங்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதினாள்.

அந்தப் பயணத்தில், ஆழத்திலிருந்து எடுத்த இரண்டு குப்பி நீரில் மாங்கனீசு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அருகில் எங்கோ அந்தப் படத்தில் பார்த்ததுபோன்ற வெந்நீர் வாய் இருப்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். குப்பியின் அழுக்காகவும் இருக்கலாம். மறுபடி எடுத்துப் பார்க்கக் கப்பலுக்கு நேரமில்லை. கண்டுபிடித்ததாகவே எழுது, பெயர் கிடைக்கும் என்று உடன் வேலைபார்த்தவர் சொன்னாராம். அவள், “ஐயத்துக்குரியது, திரும்பப் பார்க்க வேண்டும்” என்று எழுதினாள். திரும்பப் போக இருமுறை விண்ணப்பித்தாள். அனுமதி வரவில்லை.

தொண்ணூறுகளில் அவள் விடுப்பில் வந்திருந்தபோது நடந்ததை அவளை அறிந்தவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நாறியது. தொட்டிச் சுவரில் வெள்ளை வெள்ளையாக இழைகள். மோட்டார் போடும் மாடசாமி எதையோ கலந்துவிட்டான் என்று ஊர் திரண்டது. சாவியைப் பிடுங்கி, அவர் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மாடசாமி எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளரின் மைத்துனர். விஷயத்தைக் கேட்டதும் வடிவு, “இப்பவே போவோம்” என்றாள்.

ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும்படி ஈய உப்பில் நனைத்த தாளைத் தொட்டியில் காட்டாமல், மோட்டார் குழாய் வாயிலேயே காட்டினாள். தாள் கறுத்தது. “பாத்துக்கோங்க. தொட்டிக்கு வர்றதுக்கு முந்தியே வாடை இருக்கு.”

“குழாய்க்குள்ள போட்டிருப்பான்” என்றார் ஒரு பெரியவர்.

“அப்ப ஓடவிட்டுப் பாப்போம். போட்ட பொருளா இருந்தா கொறையணும்ல?”

அன்று பகலெல்லாம் மோட்டார் ஓடியது. மறுநாளும் ஓடியது. தாள் அதே கறுப்பு. பிறகு அந்த வெள்ளை இழையை உருப்பெருக்கியில் ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தாள். “இது உசிருள்ளது. பூமிக்குள்ள இருந்து வர்ற வாடையத் தின்னு வளருது. கடலுக்கு அடியில, வெயிலே படாத எடத்துல இதுக்குச் சொந்தக்காரவுக இருக்காக. மாடசாமி கொண்டுவந்து போட்டதில்ல.”

“அப்பத் தண்ணியக் குடிக்கலாமா தாயி?”

“அது எனக்குத் தெரியாது. சோதிச்சுச் சொல்ற வரைக்கும் குடிக்காதீக.”

ஊர் இறங்கிவரும் நேரத்தில் இப்படிச் சொன்னால் மறுபடி அந்த மனிதர்மேல் பாய மாட்டார்களா? திரும்பும் பஸ்ஸில் அவளைக் கடிந்துகொண்டேன். “தெரியாததத் தெரியாதுன்னு சொன்னாத்தான் தெரிஞ்சதை நம்புவாக” என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. அந்தப் பெரியவரே சாவியை மாடசாமியிடம் கொடுத்தார். பிறகு, தண்ணீரில் கெடுதல் இல்லை என்று சோதனை முடிவு வந்தது. நீரைப் பூவாளிபோல் சிதறவிட்டு வாடை போக்கிப் பயன்படுத்தினார்கள்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அவள் முகம் வீங்கியிருந்தது. “கடல்ல நான் தண்ணி எடுத்த அந்த எடத்துக்கு யாராச்சும் திரும்பப் போனாகளா?” என்று கேட்டாள். ஆறுதலுக்காக, ‘போனார்கள்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. “இல்ல வடிவு” என்றேன். “சரி. போவாக” என்று சொல்லிவிட்டு என்னைக் காப்பி குடிக்கச் சொன்னாள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு நிமிடத்தைத்தான். நோயாளியின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னேன். அதை அவள் தாங்கினாள், என்னையும் தாங்கவைத்தாள்.