சுதாவுக்கு எட்டாத கட்டில்

போன வாரம் கிடர்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குப் போயிருந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

எனக்கொன்றுமில்லை. சுதாவுக்குத் துணையாகப் போனேன். கார்டன் ரீச்சில் எங்கள் கீழ்வீட்டுப் பெண், ரயில்வே ஆபீஸில் வேலை. காலேஜ் நாளில் நடந்த விபத்துக்குப் பிறகு இரண்டு கால்களும் செயலற்றுப் போய்விட்டன, வீல்சேர்தான். இப்போது மூன்று மாத கர்ப்பம். கணவர் வெளியூர் டியூட்டி.

டாக்டரம்மா என்னைப் பார்த்துப் பெங்காலியில் கேட்டார்: "இவங்களுக்கு எத்தனை மாசம்?"

ஏன், சுதாவுக்கு வாய் இல்லையா?

"பேஷன்ட் நான்தான், டாக்டர். மூணு மாசம்," என்றாள் சுதா. அவளுடைய பெங்காலி என்னுடையதைவிடப் பல மடங்கு மேல்.

அப்போதும் டாக்டரின் பார்வை என் பக்கம்தான். "எடுத்துடலாம். இன்னும் டைம் இருக்கு. இந்த உடம்போட எதுக்கு ரிஸ்க்?"

தூக்கிவாரிப் போட்டது. பிபி பார்க்கவில்லை, வயிற்றைத் தொடவில்லை, ஒரு ரிப்போர்ட்டைப் புரட்டவில்லை...

சுதாவின் விரல்கள் சக்கரத்தை இறுகப் பிடித்தன. குரல் மட்டும் உயரவில்லை. "நான் எடுக்க வரலை, டாக்டர். ஸ்கேனுக்கு வந்திருக்கேன். ரிஸ்க் என்னன்னு பார்த்துட்டு என்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் ரூமில் அடுத்த கூத்து. கட்டில் சுதாவின் தோள் உயரத்துக்கு நின்றது. "ரெண்டு ஆளைக் கூப்பிடறேன், தூக்கிப் போட்டுடுவாங்க," என்றார் நர்ஸ்.

தூக்கிப் போட — அவள் என்ன அரிசி மூட்டையா?

"வேண்டாம். கட்டில் இறங்கினா நானே மாறிக்குவேன். இறங்கற கட்டில் ஒண்ணுகூடவா இல்லை?"

"இருக்கு, திதி," என்றார், பெங்காலியில் 'அக்கா' என்று. "பட்டனை அமுக்கினா இறங்கும். ஆனா அது வி.ஐ.பி. ரூம்ல..."

நர்ஸ் முடிப்பதற்குள் சுதா சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வி.ஐ.பி. ரூம் வாசலை அடைத்து வீல்சேரை நிறுத்தினாள். "இங்கேயே இருக்கேன். யாரைக் கேக்கணுமோ கேட்டுட்டு வாங்க."

மானேஜர் வந்தார். யாருக்கோ போன் போட்டார். என் ஓட்டைப் பெங்காலியில் நானும் என் பங்குக்குக் கத்தினேன். கடைசியில் கதவு திறந்தது. கட்டிலுக்குக் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை!

பட்டனை அமுக்கியதும் கட்டில் சமர்த்தாக இறங்கியது. சுதா கைகளை ஊன்றி, ஒரே எம்பலில் மாறிக்கொண்டாள். ஸ்கேன் மெஷினை அங்கேயே உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஸ்பீக்கரில் குழந்தையின் இதயத் துடிப்பு — குதிரை ஓடுகிற மாதிரி. அதுவரை விறைப்பாக இருந்தவள் அப்போதுதான் அழுதாள். "அக்கா, கேக்குதா?"

கேட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் ராம்ப் கட்டி, அதைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறி வருகிறவள் பிள்ளையும் பெறுவாள் என்பது மட்டும் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

கிளம்பும்போது நர்ஸ் என் காதருகே வந்தார். "திதி, இந்த ரூம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

கர்ப்பம் என்ன, ஒரே நாளில் முடிகிற சமாசாரமா?