இருபத்தைந்தாவது கதிரை

இது கட்டிய கதை இல்லை. மிருணாளினி இன்றும் பொபினியில்தான் இருக்கிறாள். சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பாருங்கள். அவள் வீட்டில் ஒரு கதிரையும் இராது. பாய்தான்.

2014 நவம்பர், ஒரு வியாழன். பகல் 3.10.

ரூ லூயி-பிளாங் தெருவில் தம்பி உதயன் வாடகைக்கு எடுத்த கடையைச் சாப்பாட்டுக் கடையாக்க, அவள் வீட்டுக் கணினியில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தாள். அவன் கடைக்குக் கீழே, பிரெஞ்சில் காவ் என்று சொல்லும் நிலவறையில் நின்று, தொலைபேசியில் அளவு சொன்னான்.

கதிரையை அவள் புதிதாகக் கீறவில்லை. கட்டடக்காரர் ழாக் தந்த பழைய வரைபடத்தில் இருந்ததையே எடுத்தாள். பத்துக் கோடுகளை ஒன்றாகக் கட்டி வைத்த ‘பிளொக்’ அது. எங்கேயும் திரும்பப் போடலாம். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் தானாகத் திருந்தும். கடைக்குள் இருபத்துநாலு போட்டிருந்தாள்.

வரைபடத்தில் நிலவறையிலும் ஒன்று இருந்தது. அவள் போடவில்லை.

அழித்தாள். திரும்ப வந்தது.

பிளொக்கைத் திறந்து முதுகுச் சட்டத்தை எடுத்தாள். இருபத்துநாலும் முதுகில்லாமல் நின்றன. அது மட்டும் அப்படியே...

“தம்பி, காவுக்கை கதிரை ஏதும் கிடக்கே?”

“ஒண்டுமில்லை அக்கா. ஏன், பேய்க்கும் மேசை போடப் போறியளோ?”

3.16.

“எழுதுங்கோ. படியிலையிருந்து ரெண்டு மீற்றர் நாப்பதிலை நிக்கிறன்.”

அந்தக் கதிரையை அளந்தாள். படியிலிருந்து இரண்டு மீற்றர் நாற்பது.

“மேலை வா.”

“முடிச்சிட்டு...”

“உடனை வாடா!”

கர்ர்ர்... சீமெந்தில் மரக்கால் இழுபடும் சத்தம்.

“அக்கா... ஆரோ தோளைப் பிடிச்சு இருத்துகினம்...”

பொபினியில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்?

அழித்தாள். வந்தது.

அழித்தாள்.

வந்தது...

3.19. தொடர்பு அறுந்தது.

அவள் அழைத்த தீயணைப்புப் படை நாலு மணிக்கு இறங்கியது. உதயன் சுவரோடு சாய்ந்து, முழங்கால் மடிந்து, கதிரையில் இருப்பவனைப் போலவே விறைத்திருந்தான். மூச்சில்லை. கீழே கதிரையும் இல்லை.

செத்தவீட்டில் ழாக் சொன்னார். அந்தப் பழைய வரைபடத்தைக் கீறியவர் 2009இல் அதே நிலவறையை அளக்க இறங்கினாராம். அவரையும் இப்படித்தான் கண்டார்களாம்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. லா சப்பலில் லக்சிகாவின் சேலைக் கடை. போன கிழமை அந்த வரைபடத்துக்கும் இதே கதிரையைத்தான் போட்டுக் கொடுத்திருந்தாள்.

உடனே அழைத்தாள்.

“லக்சிகா, காவுக்கு இறங்காதை!”

“இறங்கியிட்டன் அக்கா. நீங்கள் அனுப்பின கதிரை நல்ல வசதி. அதிலை இருந்துதான் கதைக்கிறன்...”