வெள்ளிக்கிழமை போட்ட தளம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஞாயிறுதோறும் வரப்போகும் வாரத்தின் வானிலையைக் குரல் பதிவாகப் பேசி அனுப்புவார். வானிலைத் துறையில் வேலை பார்ப்பவர் அல்ல. செயற்கைக்கோள் படங்களையும் அறிவிப்புகளையும் பார்த்து, ராஜபாளையம், சேத்தூர், தேவதானம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று ஊர் ஊராகப் பிரித்துச் சொல்வார். அவரை நான் பார்த்ததில்லை. தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு வந்து விழும். பாதிப் பேர் கேட்காமலே கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

நானும் அதுவரை முழுதாகக் கேட்டதில்லை. பங்குனிக் கடைசியில், என் கணவர் விடுப்பில் வந்திருந்தபோதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அவர் ராணுவத்தில் ஹவில்தார். ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் நாங்கள் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கட்டிக்கொண்டிருந்தோம் என்பது பேச்சுக்கு. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து நிலை வைத்தது வரை கொத்தனாரோடு நின்று பேசியது நான் ஒருத்திதான். காலையில் மனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பேருந்து பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது மறுபடி மனையில் இறங்குவேன்.

அவர் வந்த வாரம் மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கான்கிரீட் போடுவது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இவருக்கு ரயில். தளம் போடுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்பில்தான் அந்த வாரத்தில் விடுப்புக் கேட்டு வந்திருந்தார்.

பதிவை இவர் போனைக் கையில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, நின்றபடியே கேட்டார். புதன்கிழமை வரை வறண்ட வானிலை, வெயில் கூடும். வியாழன் பிற்பகலிலிருந்து மலையை ஒட்டிய ஊர்களில் இடியுடன் கோடை மழை, சில இடங்களில் பலத்த காற்று. வெள்ளி, சனியில் வாய்ப்பு இன்னும் அதிகம். இடத்துக்கு இடம் மாறும். அவ்வளவுதான். இவர் அதைத் திரும்ப ஒருமுறை ஓடவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம். புதன்கிழமை போட்டுருவோம்" என்றார்.

"அவரு சொல்லுறது எல்லாம் நடக்குமா? போன மாசம் மழைன்னாரு, ஒரு சொட்டு விழல."

"அங்க எங்களுக்கு வானிலை வாசிச்ச பொறவுதான் வண்டி கிளம்பும். வாசிக்காம ஒருத்தரும் கிளம்ப மாட்டாக."

அங்கே என்பது பனி விழுகிற இடம். இங்கே பங்குனியில் செங்கல்லைத் தொட்டால் கை சுடும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட, இத்தனை மாதம் இல்லாமல் இருந்துவிட்டு வந்த மூன்றாம் நாளே தேதியை மாற்றுகிறாரே என்பதுதான் உண்மையான எரிச்சல்.

கொத்தனார் அடுத்த நாள் கையை விரித்தார். "புதன்கிழமை கான்கிரீட் ஆளுக வத்திராப்புல வேலைக்கு ஒத்துக்கிட்டாவண்ணே. அந்தம்மா சொன்னா சொன்னதுதான். நீங்களே போயி கேட்டுப் பாருங்க."

அந்தம்மா என்பது கான்கிரீட் ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிற பெண். அன்றைக்கு மாலை இவர் பைக்கில் நீதிமன்ற வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வத்திராயிருப்பு போய்ச் சேரும்வரை முகத்தில் அனல்தான். மலை மேல் ஒரு துண்டு மேகம் இல்லை. அதைச் சுட்டிக்காட்ட வேண்டும் போல இருந்தது. காற்றில் பேச முடியாது என்பதால் விட்டேன்.

புதன்கிழமை தளம் போடப்போகிற அந்த வீட்டிலேயே அவள் இருந்தாள். பலகைகளுக்கு முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. இந்த வீட்டுக்காரவுக நாளை மாத்திக்கிட்டா உங்களுக்கு புதன்கிழமை வாரேன். அவியகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

வீட்டுக்காரர் தோப்பிலிருந்து அப்போதுதான் வந்தார். அறுபது வயதிருக்கும். சொந்த மாந்தோப்பு. மகளுக்காக மாடியில் ஒரு போர்ஷன் எடுக்கிறார். நாங்கள் யாரென்று கேட்கும் முன்பே உட்காரச் சொல்லி, உள்ளே குரல் கொடுத்து மோர் கொண்டுவரச் செய்தார். நாங்களும் வீடு கட்டுகிறோம் என்றதும் அவருக்குப் பேச்சு பெருகிவிட்டது.

"வியாழக்கிழமையிலேருந்து காத்தும் மழையுமாம், கேட்டீகளா? மழை வந்தா பிஞ்சு அம்புட்டும் கீழ கெடக்கும். வரலேன்னா கிணத்துல தண்ணி இல்ல. எதை வேண்டிக்கன்னு தெரியல தம்பி. நல்லவேளை, தளத்தையாச்சும் புதன்கிழமை வச்சேன். ஒரு கவலை விட்டுது." பிறகு இவரைப் பார்த்து, "நீங்க என்னைக்கு போடுதீக?" என்றார்.

"வெள்ளிக்கிழமைங்கய்யா."

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்குத்தான மழை சாஸ்தின்னு சொல்லுதாவ."

"பாத்துக்குவோம்யா" என்று சொல்லி இவர் மோரைக் குடித்து முடித்தார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் கேட்டுவிடுவேனோ என்று என் பக்கம் ஒருமுறை திரும்பினார். நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்ரோல் போட நிறுத்தினோம். "ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா அவரு சரின்னு சொல்லிருவாரு."

வரிசையில் முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. இவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன். பதினோரு வருடம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி. விடுப்பு விடுப்பாகத்தான் இவரை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு, தளத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று நான் சொன்னேன். அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. "நீங்க இல்லாமதான அஸ்திவாரம் போட்டேன். இதையும் நானே பாத்துக்கிடுவேன்."

உதவியாகத்தான் சொன்னேன். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மனைக்குப் போனேன். இவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். மேலே ஏறி, கட்டிய கம்பிகளுக்கு நடுவே கால் வைத்து நடந்து, ஒவ்வொரு அறைக்கும் மேலாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அடுப்படி எது?" என்று கேட்டார். காட்டினேன். "இவ்வளவு பெருசா?" என்றார். நான் கொத்தனாரிடம் போய், வெள்ளிக்கிழமையே இருக்கட்டும், ஆனால் விடியும்போதே வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மலை கறுத்தது. சேத்தூரிலும் தேவதானத்திலும் நல்ல மழை என்று செய்தி வந்தது. எங்களுக்குத் தூசிக்காற்று மட்டும். இவர் கடைத்தெருவில் அலைந்து தார்ப்பாய்களை வாடகைக்கு எடுத்துவந்து மனையில் அடுக்கினார். கொத்தனார் சிரித்தார். "கல்யாணப் பந்தலுக்கு கூட இம்புட்டு பாய் எடுக்க மாட்டாகண்ணே."

வெள்ளிக்கிழமை விடிகாலையில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வத்திராயிருப்புத் தளம் வெயிலில் அருமையாக முடிந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். சூடம் கொளுத்தினோம். முதல் சட்டியை நான் வாங்கிக் கொட்டினேன், அடுத்ததை இவர். பிறகு எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். மிக்சர் சுற்றுகிற சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. வேலை ஓடிய வேகத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருக்கும்.

பாதியில் மிக்சரின் பெல்ட் அறுந்தது. மாற்றுப் பெல்ட் கொண்டுவந்திருக்கவில்லை. இவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் பறந்தார். ஆட்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தியது. போட்ட கான்கிரீட் காய்ந்துவிடாமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே இருந்தார் கொத்தனார். முதல்முறையாக அவர் மேற்கே பார்த்ததைக் கவனித்தேன்.

பெல்ட் வந்து மறுபடி தொடங்கும்போது மலைக்கு மேல் மேகம் ஏறிவிட்டது. சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு எல்லோரும் மேலே நின்றார்கள். அடுப்படிக்கு மேலே கடைசிப் பகுதியைக் கொட்டி மட்டம் அடித்துக்கொண்டிருக்கும்போது காற்று அடித்தது. மண் கண்ணில் விழுந்தது. பின்னாலேயே பெரிய பெரிய துளிகள்.

"பாயை விரிங்க! பாயை விரிங்க!" என்று இவர் கத்தினார். அதுவரை அவர் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டதில்லை. சட்டி சுமந்த பெண்கள், மட்டம் அடித்தவர்கள் என்று எல்லோரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கப் பார்த்தது. ஒரு மூலையை நானும் இவரும் பிடித்திருந்தோம். செங்கல்லை ஏற்றி வைத்தும் அது எழும்பியது. இவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீயும் உக்காரு!" என்றார். உட்கார்ந்தேன். மின்னல் வெட்டியது. பயமாகத்தான் இருந்தது. கொத்தனார் எங்களைக் கீழே இறங்கச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெண், "அக்கா, எந்திரிச்சுராதீக, பாய் போயிரும்" என்று மறுபக்கத்திலிருந்து கத்தினாள். சேலை முழுக்க சிமெண்ட் தண்ணீர்.

கொஞ்ச நேரம்தான் பெய்தது. மழை ஊரைக் கடந்து கிழக்கே போய்விட்டது. பாயை விலக்கிப் பார்த்தபோது, ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் கரைந்து ஜல்லி தெரிந்தது. கொத்தனார் அதன் மேல் சிமெண்டைத் தூவித் தேய்த்துச் சரிசெய்தார். "ஒண்ணும் ஆகாதுண்ணே. பாய் இல்லேன்னா இந்தப் பக்கம் பூரா போயிருக்கும்" என்றார். இவர் பெல்ட் வாங்க அலைந்ததில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்தோம். ஆறிப்போயிருந்தது. நல்ல பசி. யாரும் குறை சொல்லவில்லை.

சனிக்கிழமை வத்திராயிருப்புக்காரர் போன் செய்தார். எண்ணை அந்தப் பெண்ணிடம் வாங்கியிருக்கிறார். தளம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவர் தோப்பில் காற்று பிஞ்சுகளை உதிர்த்துவிட்டது, ஆனால் கிணற்றில் கொஞ்சம் ஊறியிருக்கிறது என்றார். மாம்பிஞ்சு ஒரு பை கொடுத்துவிடவா, ஊறுகாய் போடலாம் என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் போனை வாங்கிச் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் இவர், அடுத்த வாரம் மழை இல்லை, வெயில் ஏறும், காலையும் மாலையும் தளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றார். தெரியும் என்றேன்.

அப்படியே ஏறியது வெயில். தளத்தின் மேல் கட்டியிருந்த பாத்திகளில் காலையில் நிரப்பிய தண்ணீர் நான் வேலை முடிந்து வருவதற்குள் வற்றிவிடும். சித்திரை பாதியில் பலகைகளைப் பிரித்தார்கள். முட்டுக் கம்புகளை எல்லாம் எடுத்த பிறகு உள்ளே போனேன். கூரைக்குக் கீழே அறைகள் சின்னதாகிவிட்டது போல் தெரிந்தது; கொத்தனார், பூச்சு முடிந்தால் பெரிதாகத் தெரியும் என்றார். அடுப்படியில் நின்று அண்ணாந்து ஒரு படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார். ஜன்னலை மேற்கே வைக்காதே, சாய்ந்த வெயில் நேரே அடிக்கும் என்று எழுதியிருந்தார். ஜன்னலை ஏற்கெனவே மேற்கேதான் வைத்திருந்தோம். அதைச் சொல்லாமல், சரி என்று மட்டும் பதில் போட்டேன்.