பிலோமினா டீச்சரின் கருந்தண்ணிக் குழி

ஹட்டனில் நான் சாமான் வாங்கும் கடையின் முதலாளி சீனியை நிறுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "சாருக்குச் சேதி தெரியுமா? உடப்புசல்லாவைப் பக்கம் ஒங்களோட படிச்சுக் குடுத்த டீச்சரம்மா மௌத்தாப் போய்ட்டாங்களாமே. பஸ்ஸுல வந்தவங்க சொன்னாங்க" என்றார்.

"யாருங்க, பிலோமினா டீச்சரா?"

"அவங்கதான். திடீர்னு நெஞ்சு வலியாம். நல்ல மனுஷி சார்."

நல்ல மனுஷிதான். எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கை அது. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது அதெல்லாம் இல்லை. ஒரு சேற்றுக்குழியும், அதைச் சுற்றிப் பளபளத்த வெள்ளைக் கற்களும், அவற்றின் நடுவே தலை குனியாமல் நின்ற அவருடைய முகமும்தான். சீ, செத்துப்போனவரைப் பற்றி இதுதானா நினைவு வரவேண்டும் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. டீச்சர் இருந்திருந்தால், "அதத்தான் சார் மொதல்ல சொல்லணும்" என்றிருப்பார். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களுமான உங்களிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் தமிழும் கணக்கும்; அவர் விஞ்ஞானம். அவர் பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில், அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து ஆசிரியையாகி, அதே மலைக்குத் திரும்பி வந்தவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கென்று ஓர் அறையோ ஒரு கண்ணாடிக் குழாயோ கிடையாது. அதைப் பற்றி நான் புலம்பிய ஒருநாள், "அதான் கருந்தண்ணிக் குழி இருக்கே சார்" என்று சொல்லி, என்னையும் பிள்ளைகளையும் மலை முகட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மலை முதுகில் பெரிய தட்டுப் போல ஒரு பள்ளம். தண்ணீர் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி நிறம். கால் வைத்தால் தரையே மெத்தை மாதிரி அமுங்கும். என் வலது கால் சப்பாத்தை அன்று அது விழுங்கிவிட்டது. "பாசிக்குப் பசி போல" என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று பாடம் கேட்டேன்.

அன்று அவர் சொன்னது இவ்வளவுதான். இந்தக் குழிக்குள் எந்த ஓடையும் வருவதில்லை. வானத்து மழை மட்டும்தான். மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தோ மற்ற உப்புகளோ இருப்பதில்லை என்றே சொல்லலாம். அதைக் குடித்து வளரும் பஞ்சுப் பாசி, தண்ணீரை இன்னும் புளிக்க வைக்கிறது. புளித்த தண்ணீரில் எதுவும் முழுசாக மக்காது. செத்த பாசியின் மேல் புதுப்பாசி ஏறி, அடியில் எல்லாம் கறுத்த மண்ணாகச் சேர்கிறது. சாதாரணப் புல் இங்கே வேர்விட்டால் பட்டினி கிடந்து சாகும். நீல லிட்மஸ் தாளைத் தொட்டு எடுத்தார், சிவந்தது. பாசிக்கு நடுவே ஒட்டும் துளிகளோடு சின்னச் சின்னச் செடிகள். அழுகண்ணி என்றார். ஒரு கொசு அதில் மாட்டித் துடித்தது. "தண்ணியில சோறு இல்ல. அதான் பூச்சி புடிச்சுத் திங்குது. பொழைக்கிற பொழப்பப் பாத்தீங்களா?"

பள்ளத்தின் கீழ்க்கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறை ஊற்று கசிந்துகொண்டிருந்தது. அங்கே பாசியும் இல்லை, அழுகண்ணியும் இல்லை. புல்லும் கோரையும் மதமதவென்று நின்றன. பாறையில் ஊறி வந்த தண்ணீரில் உப்புச் சத்து உண்டாம். அங்கே தாள் சிவக்கவில்லை. "அதே வெயிலு, அதே பனி. தண்ணி மாறுனா குடித்தனமே மாறிப் போயிரும் சார்" என்றார் டீச்சர்.

இது நடந்து சில வருஷம் கழித்து, தோட்ட மானேஜரான பெரிய தொரை அந்தக் குழிக்கு வடிகால் வெட்டி, தொழிற்சாலை விறகுக்காக யூகலிப்டஸ் நடப்போவதாகச் சேதி வந்தது. டீச்சர் நேரே பங்களாவுக்கே போய்விட்டார். அடேயப்பா, அந்தக் காலத்தில் எங்களில் யார் போவார்கள்! தொரை முரடர் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, காப்பாற்ற வேண்டிய இடம்தான் என்று சொன்னால் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். டீச்சர் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் விரிவுரையாளர் ஒருவருக்கு எழுதினார். டிசம்பரில் வருவதாக அவரும் பதில் போட்டார். குழி பிழைத்துவிட்டது என்றே நினைத்தோம்.

இனிச் சொல்லப்போவதை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் பாதையோரக் கல், மதகு, மரத்தின் அடி, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் நமக்கும் ஒரு கை அடித்துவிடுவார்கள் என்று கேலி பேசுவோம். அது எங்கள் கையில் ஊறிய பழக்கம். டீச்சர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பெரிய எடத்துலேருந்து ஆள் வர்றாங்க. குழி ஓரமா கல்லு வச்சு வெள்ளை அடிச்சுக் குடுங்க" என்றார். அடித்து முடித்த மாலை நாங்கள் போய்ப் பார்த்தோம். பச்சைப் பாசியைச் சுற்றி வெள்ளை வளையம். அழகாக இருக்கிறது டீச்சர் என்றேன். "இருக்குல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார். எங்கள் இருவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து, வரவேண்டியவர் வரவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை, டீச்சர் நத்தார்ப் பண்டிகைக்கு ஹட்டனில் அக்கா வீட்டுக்குப் போனார், நான் என் ஊருக்குப் போனேன். கணக்கப்பிள்ளை மட்டும் கடமை தவறவில்லை. மழை வெள்ளையைக் கழுவக் கழுவ, பெரியவர் எந்நேரமும் வரலாமே என்று திரும்பத் திரும்ப அடிக்க வைத்திருக்கிறார். அத்தனை சுண்ணாம்பும் எங்கே போகும்? பள்ளத்துக்குள்தான்.

ஜனவரியில் விரிவுரையாளர் வந்த அன்றுதான் நாங்களும் திரும்ப மேலே ஏறினோம். கற்கள் பளிச்சென்று இருந்தன. தொரை அவற்றைப் பார்த்து, தன் ஆட்கள் எவ்வளவு சுத்தமானவர்கள் என்று பெருமையாகச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு பாராட்டு என்னை அப்படிச் சுட்டதில்லை. ஏனென்றால் அதற்குள் நான் குழியைப் பார்த்துவிட்டேன். கரையோரப் பாசி வெளுத்துக் கொழகொழத்துக் கிடந்தது. தண்ணீர் மேல் பச்சைச் சளி போல ஏதோ படர்ந்திருந்தது. அழுகண்ணி இருந்த இடத்தில் கறுத்த அழுகல். விரிவுரையாளர் மண்டியிட்டு நீலத் தாளைத் தொட்டு எடுத்தார். அது நீலமாகவே இருந்தது.

"இதற்குள் சுண்ணாம்பு போட்டது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கணக்கப்பிள்ளை ஒரு நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டார். நல்ல எண்ணத்தோடுதான் முந்திக்கொண்டார்: "ஸ்கூல் புள்ளைக வெளையாட்டா கொட்டிருச்சுங்க சார்."

தப்பிக்க வழி திறந்து கிடந்தது. நானாக இருந்தால் அதில் நுழைந்திருப்பேன். டீச்சர் அவரைக் கையமர்த்திவிட்டு ஆங்கிலத்திலேயே சொன்னார்: "பிள்ளைகள் இல்லை. நான்தான் அடிக்கச் சொன்னேன். சுண்ணாம்பு இதைக் கொல்லும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவளும் நான்தான்."

விரிவுரையாளர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்: "தெரிந்துமா? ஏன்?"

"நீங்கள் வருகிறீர்கள் என்று."

விரிவுரையாளர் நடுக்குழித் தண்ணீரையும் தாளில் தொட்டுப் பார்த்தார். நடுக்குழி இன்னும் புளிப்பாகவே இருப்பதாகவும், அப்படியே விட்டால் மழை பல வருஷத்தில் மெல்ல மெல்லக் கழுவிவிடும் என்றும் விரிவுரையாளர் சொன்னார். பல வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் தொரை கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மாதம் வடிகால் வெட்டினார்கள். இப்போது அங்கே யூகலிப்டஸ் நிற்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் புது வகுப்புக்கு டீச்சர் அந்தப் பாடத்தை நடத்துவார். குழியைக் கொன்றது யார் என்று கேட்பார். நான்தான் என்று அவரே பதில் சொல்வார். மெல்லிய பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு உடம்பு கூசும். ஒருநாள் பொறுக்காமல், போதும் டீச்சர், விட்டுடுங்க என்றேன். அவர் சிரித்தார். "வெக்கப்படுறது பழகிருச்சு சார். வெள்ளை அடிக்கிற புத்திதான் இன்னும் போகல. போன வாரம் இன்ஸ்பெக்டர் வர்றாருன்னதும் எங் கை தானா வெளக்குமாத்தத் தேடுதே!"

டீச்சரே, சென்ற மாதம் இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகளை அன்று அவர் கண்ணில் படாமல் பின்வரிசையில் உட்காரவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது முகம் சுட்டது. பேசாமல் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்தச் சூடு நீங்கள் எனக்கு விட்டுப்போனது. அது ஆறாமல் இருக்கட்டும்.